நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் நீங்களே வண்டி ஓட்டி சஃபாரி போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போனால் காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போக முடியும். யானை தெரிந்தால் டிரைவர் எவ்வளவு நேரம் நிறுத்துகிறாரோ அவ்வளவு நேரம்தான் பார்க்கலாம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கதையே வேறு. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா மூன்றிலும் அரசுப் பூங்காவுக்குள் வாடகை வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம், ஒரு நீர்நிலை ஓரமாகக் காலை ஆறரைக்கு நிறுத்திவிட்டுப் பத்து மணி வரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் கிளம்பச் சொல்ல மாட்டார்கள். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போவதே.

ஆனால் போகிறவர்களில் பலர் இந்தச் சுதந்திரத்தைக் கிலோமீட்டராக மாற்றித் தீர்த்துவிடுகிறார்கள். நாலு நாடு, ஆறு பூங்கா, தினமும் 400 கி.மீ. என்று திட்டம் போட்டால் பார்ப்பது சாலையைத்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: தூரத்தைக் குறையுங்கள், நிற்கிற நேரத்தைக் கூட்டுங்கள்.

முதலில், எந்த நாடு?

கூடாரம், மணல், எல்லைச் சாவடி எதுவும் வேண்டாம், குழந்தைகளோடு பத்து நாள் போய்வந்தால் போதும் என்றால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் போங்கள். 1926-ல் தேசியப் பூங்காவானது, கிட்டத்தட்ட 20,000 சதுர கி.மீ. பெரிய சாலைகள் தார்ச்சாலைகள், சாதாரண செடான் காரே போதும், முகாமுக்குள்ளேயே கடை, பெட்ரோல், சமையலறையுடன் கூடிய குடில் எல்லாம் இருக்கும். லோயர் சாபி, சடாரா இரண்டு முகாம்களில் மட்டும் மூன்று மூன்று இரவு தங்கினாலே மனம் நிறையும். க்ரூகரை யாராவது சுற்றுலாக்கூட்டம் என்று மட்டம் தட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், ஆப்பிரிக்காவில் முதன்முறையாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

கொஞ்சம் துணிச்சல் உண்டு, கூடாரத்தில் படுக்கத் தயார், மூன்று வாரம் கையில் இருக்கிறது என்றால் இந்த வட்டம்: நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில் தொடங்கி எட்டோஷா தேசியப் பூங்கா, அங்கிருந்து வடகிழக்கே ருண்டு, டிவுண்டு, கொங்கோலா, பிறகு எல்லை தாண்டி போட்ஸ்வானாவில் கசானே, சவுட்டி, குவாய், மவுன், கடைசியில் கான்சி வழியாகத் திரும்ப விண்ட்ஹுக். இனி நான் சொல்வதெல்லாம் இந்த வட்டத்தை வைத்துத்தான். இரண்டே வாரம்தான் என்றால் போட்ஸ்வானாவை வெட்டிவிடுங்கள், எட்டோஷாவையும், நமீபியாவின் வடகிழக்கு மூலையில் நீளும் காப்ரிவி நிலத்துண்டையும் மட்டும் நிதானமாகப் பாருங்கள். இரண்டு நாட்டையும் இரண்டு வாரத்துக்குள் திணிப்பது வேண்டவே வேண்டாம்.

எப்போது போவது?

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். காட்டில் குட்டைகள் வற்ற வற்ற விலங்குகள் மிச்சமிருக்கும் நீருக்குக் கூடிவரும், புல்லும் இலையும் குறைந்து பார்வைக்கு வழி கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் என் கணக்கில் உச்சம். ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகும். ஆப்பிரிக்கா என்றால் சூடு என்று நினைத்து மெல்லிய போர்வையோடு போகிறவர்கள் கூரைக்கூடாரத்தில் (வண்டிக் கூரைமேல் விரிக்கும் கூடாரம்) நடுங்குவார்கள். அக்டோபரில் விலங்குகள் அள்ளிக்கொண்டு கிடைக்கும், வெயிலும் 40 டிகிரியைத் தொடும். நவம்பருக்குப் பிறகு மழை. பறவைகளுக்கும் குட்டிகளுக்கும் அருமையான காலம்தான், ஆனால் சவுட்டிக்குத் தெற்கே மபாபே பள்ளத்தாக்கின் கரிசல் மண் நனைந்துவிட்டால் வண்டி அச்சுவரை புதையும், முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்று டெல்டாவில் ஒரு விசித்திரம் உண்டு. அங்கோலா மலைகளில் பெய்கிற மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் ஒரு சொட்டு மழையில்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் டெல்டாவை நிரப்புகிறது. சுற்றிலும் காடு காய்ந்து கிடக்க, நடுவில் வெள்ளம். விலங்குகள் அங்கே குவிவதற்கு அதுதான் காரணம். போகிற வழியில் சில தடங்கள் தண்ணீருக்குள் கிடப்பதற்கும் அதுவே காரணம்.

காகித வேலை

விசாவில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். இந்த வட்டத்தில் நமீபியாவுக்குள் நுழைந்து, போட்ஸ்வானா போய், மறுபடி நமீபியாவுக்குள் வருகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது, பலமுறை நுழையும் விசா கேட்டு வாங்குங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விமான டிக்கெட் எடுக்கும் முன் இரு நாடுகளின் குடிவரவுத் துறைத் தளத்தையும் உங்கள் கடவுச்சீட்டுக்கு ஏற்பப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் வழியாக இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கி, அங்கே பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைவதாகத்தான் கணக்கு, அந்த நாட்டு விசாவும் தேவைப்படும். குழந்தைகள் வந்தால் இரு பெற்றோர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், ஒரு பெற்றோர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும்.

சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். மூல உரிமமும் கூடவே வேண்டும். இங்கெல்லாம் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது பெரிய நிம்மதி. கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ போகும் நம்மவர்கள்தான் முதல் இரண்டு நாள் ரவுண்டானாவில் உஷாராக இருக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் உள்ள எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் பறக்கிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு போவதுதான் நிம்மதி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். மலேரியாவுக்குத் தடுப்பூசியை நம்பிப் போகாதீர்கள், மாத்திரைதான். காப்ரிவி, கசானே பக்கத்து சோபே பூங்கா, டெல்டா எல்லாமே மலேரியா பகுதி, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பூச்சிவிரட்டியும் மாலையில் முழுக்கைச் சட்டையும் மாத்திரை அளவுக்கே முக்கியம். பயணக் காப்பீட்டில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சவுட்டியில் கால் உடைந்தால் ஆம்புலன்ஸ் வராது.

முகாம் முதலில், வண்டி அப்புறம்

நம்மில் பலர் டிக்கெட், வண்டி, கடைசியில் தங்குமிடம் என்று போவோம். இங்கே தலைகீழாகச் செய்யுங்கள். சவுட்டி முகாமில் இடம் கிடைக்கும் தேதியைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் அமைக்க வேண்டியிருக்கும். போட்ஸ்வானாவில் பூங்கா அரசுடையது, உள்ளே இருக்கும் முகாம்களை வெவ்வேறு தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வறண்ட காலத்துக்கு ஒரு வருடம் முன்பே தொடங்கினாலும் தப்பில்லை. பதிவுச் சீட்டை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டில் காட்டச் சொல்வார்கள். எட்டோஷாவில் ஒகவுகுவேஹோ, ஹலாலி, நமுட்டோனி முகாம்களை அரசு நிறுவனமான நமீபியா வைல்ட்லைஃப் ரிசார்ட்ஸ் நடத்துகிறது, ஆறு மாதம் முன்பு எழுதினால் பெரும்பாலும் கிடைக்கும்.

வண்டி

விண்ட்ஹுக்கில் கூரைக்கூடாரத்தோடு கூடிய டொயோட்டா ஹைலக்ஸ் இரட்டைக் கேபின் ஃபோர் வீல் டிரைவ்தான் வழக்கமான தேர்வு. எட்டோஷா மட்டும் என்றால் சாதாரணக் காரே போதும், சவுட்டிக்கு ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் போகவே முடியாது. வண்டியில் இருக்க வேண்டியவை: இரண்டு ஸ்டெப்னி, காற்றடிக்கும் கம்ப்ரஸர், காற்றழுத்த மானி, மண்வெட்டி, இழுவைக் கயிறு, இரண்டாவது பேட்டரியில் ஓடும் ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு, பெரிய டேங்க், தண்ணீர் டேங்க். ஜாக் வைக்க ஒரு சதுரப் பலகை கேளுங்கள், மணலில் பலகை இல்லாமல் ஜாக் போட்டால் வண்டி மேலே வராது, ஜாக்தான் கீழே போகும்.

வண்டியை எடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். அரைநாள் ஒதுக்குங்கள். கூடாரத்தை நீங்களே ஒருமுறை விரித்து மடியுங்கள், ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள், ஜாக் எந்த இடத்தில் வைப்பது என்று காட்டச் சொல்லுங்கள், லோ ரேஞ்சை (மணலில் மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) நீங்களே போட்டு எடுங்கள், கண்ணாடியில் இருக்கும் கீறல் வரைக்கும் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். போட்ஸ்வானாவுக்கு வண்டியைக் கொண்டுபோக நிறுவனத்தின் எல்லைத்தாண்டல் கடிதமும் பதிவுச் சான்றின் நகலும் வேண்டும், அதில் உங்கள் பெயரும் வண்டி எண்ணும் சரியாக இருக்கிறதா பாருங்கள். காப்பீட்டு ஒப்பந்தத்தையும் உட்கார்ந்து படியுங்கள். இரவில் ஓட்டி நடந்த விபத்து, தண்ணீரில் இறக்கியதால் வந்த சேதம், வண்டியின் அடிப்பாகம் இதெல்லாம் பெரும்பாலும் காப்பீட்டில் வராது.

ஊருக்கு வெளியே போகும் முன் ஆஃப்லைன் வரைபடம் ஏற்றிக்கொள்ளுங்கள். டிராக்ஸ் ஃபார் ஆப்பிரிக்கா வரைபடம் காட்டும் நேரக்கணக்கு உண்மைக்கு அருகில் இருக்கும், கூகுள் காட்டும் நேரம் மணல் பாதைக்குப் பொருந்தவே பொருந்தாது.

உண்மையான ஆபத்து சரளைச் சாலைதான்

சிங்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், சாலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நமீபியாவில் சுற்றுலாப் பயணிகள் அடிபடுவது பெரும்பாலும் சரளைச் சாலையில் வண்டி உருண்டுதான். பி என்று தொடங்கும் சாலைகள் தார், சி, டி என்று தொடங்குபவை பெரும்பாலும் சரளை. பார்க்க வழவழவென்று நேராக, ஆளில்லாமல் கிடக்கும், 100-ல் போனாலும் ஒன்றும் தெரியாது. ஒரு வளைவிலோ, காய்ந்த ஓடை குறுக்கிடும் பள்ளத்திலோ, திடீரென்று சாலைக்கு வரும் ஓரிக்ஸ் மானுக்காகவோ ஸ்டியரிங்கை வெட்டினால் போச்சு. கூரையில் கூடாரம் இருப்பதால் வண்டியின் எடை மேலே ஏறியிருக்கிறது, சட்டென்று குடை சாயும்.

ஆகவே 80-க்கு மேல் வேண்டாம், 60-70 இன்னும் நல்லது. தாரிலிருந்து சரளைக்கு இறங்கும்போது டயர் காற்றைக் குறையுங்கள். எவ்வளவு என்று வண்டிக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தோராயமாகத் தாரில் 34 பி.எஸ்.ஐ. என்றால் சரளையில் 27, ஆழ மணலில் 18-20. தாருக்குத் திரும்பும்போது மறுபடி ஏற்ற வேண்டும், குறைந்த காற்றோடு தாரில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள், அது கிளப்பும் புழுதியில் சில நொடி எதுவுமே தெரியாது, கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விடும். பகலிலும் ஹெட்லைட் எரியட்டும். பொழுது சாய்வதற்குள் முகாமுக்குப் போய்ச்சேருங்கள்: குடு மான் அந்தி நேரத்தில் ஹெட்லைட்டைப் பார்த்து விலகாது, வண்டிமேல் பாயும், 200 கிலோவுக்கு மேல் எடை.

சாலையின் அலைஅலையான மேடுகளில் நாள் முழுக்க அதிர்ந்துபோன வண்டியில் போல்ட் தளரும். மாலை முகாமில் இறங்கியதும் கூடாரத்தின் அடிப்பிடி, ஸ்டெப்னியின் நட்டு, கேஸ் சிலிண்டர் கட்டு, ஃப்ரிட்ஜின் ப்ளக் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

எட்டோஷா: உட்காரக் கற்றுக்கொள்ளும் இடம்

விண்ட்ஹுக்கிலிருந்து ஒகவுகுவேஹோ சுமார் 435 கி.மீ., பூங்காவின் ஆண்டர்சன் கேட் வரை முழுக்கத் தார். இரவு விமானத்தில் வந்து இறங்கிய அன்றே இதை ஓட்டாதீர்கள். முதல் இரவு விண்ட்ஹுக்கில் தூங்குங்கள்.

எட்டோஷா 1907-ல் ஜெர்மானிய ஆட்சியில் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, இப்போது 22,000 சதுர கி.மீ.க்கு மேல். நடுவில் சுமார் 4,800 சதுர கி.மீ.க்கு உப்பு வெளி, நல்ல மழை வருடத்தில் தவிர ஒன்றுமே இல்லாத வெள்ளை. அதன் தென்கரை ஓரமாக நீர்நிலைகள் வரிசையாக இருப்பதால்தான் இங்கே சொந்தமாக ஓட்டுகிறவர்களுக்கு இவ்வளவு எளிது, விலங்கைத் துரத்தத் தேவையில்லை, அது வரும். காட்டெருமையும் நீர்யானையும் இங்கே கிடையாது, அவற்றைக் கிழக்கே பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை இரவு? ஐந்து. ஒகவுகுவேஹோவில் இரண்டு, ஹலாலியில் ஒன்று, நமுட்டோனியில் இரண்டு. முகாமுக்கு முகாம் 70-75 கி.மீ.தான், வேக வரம்பு 60. மேற்கே ஒலிஃபான்ட்ஸ்ருஸ் என்று சின்ன முகாம் ஒன்று, அங்கே தண்ணீரை ஒட்டி இரண்டடுக்குப் பார்வைமாடம் கட்டியிருக்கிறார்கள். 1980-களில் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்று யானைகளைக் கொன்று இறைச்சியாக்கிய இடம் அது, அந்த இரும்புச் சட்டங்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. நேரம் இருந்தால் ஓர் இரவு தங்குங்கள், பார்க்க வேண்டிய இடம்.

தினசரி ஒழுங்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முகாம் கேட் சூரியன் உதிக்கும்போது திறக்கும், மறையும்போது மூடும், நேரம் கேட்டிலேயே எழுதியிருக்கும். திறக்கும் நேரத்துக்கு வண்டியோடு அங்கே நில்லுங்கள், ஃப்ளாஸ்க்கில் காபி, பையில் ரொட்டி. ஒரே ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஒகவுகுவேஹோவிலிருந்து வடக்கே ஒகோண்டேகா பக்கம் காலையில் சிங்கத்துக்கு நல்ல வாய்ப்பு. வெயில் ஏறியதும் நெப்ரவுனி, யானைக் கூட்டங்கள் அங்கே வெள்ளைச் சேற்றை அள்ளிப் பூசிக்கொண்டு சுண்ணாம்புச் சிலைபோல நிற்கும். நமுட்டோனி பக்கம் சுடோப், கல்க்ஹுவெல்.

வண்டியை எஞ்சின் அணைத்து, வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி, பிறர் பார்வையை மறைக்காமல் நிறுத்துங்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், அப்போதுதான் பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஒட்டகச்சிவிங்கியைப் பாருங்கள். அது தண்ணீருக்கு நேராக வராது. ஐம்பது அடி தள்ளி நின்று பார்க்கும், இரண்டு எட்டு வைக்கும், நிற்கும், திரும்பிப்போகும், மறுபடி வரும். முன்கால்களை அகட்டித் தலையைத் தாழ்த்திவிட்டால் சட்டென்று எழ முடியாது என்று அதற்குத் தெரியும். அகட்டிய கால் தண்ணீரோரம் நடுங்கும், ஒரு வாய் குடிக்கும், எங்கோ ஒரு கினிக்கோழி கத்தினால் போதும், முழு உடம்பையும் உதறி எழுந்து நீர்த்துளி வளைவாகத் தெறிக்கப் பின்வாங்கும். குடிக்காமலேயே போய்விடுவதும் உண்டு. இது முழுக்க நடந்து முடிய அரைமணி நேரம் ஆகும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்து இது தெரியவே தெரியாது.

மற்ற விலங்குகளின் முகத்தைப் படியுங்கள். ஸ்பிரிங்பாக் மான் கூட்டம் முழுக்க ஒரே திசையில் பார்த்து உறைந்து நின்றால் அங்கே ஏதோ படுத்திருக்கிறது, உங்கள் பைனாகுலரையும் அங்கேயே திருப்புங்கள். ஒட்டகச்சிவிங்கி ஒரே புதரை வெறித்தால் பெரும்பாலும் சிங்கம். கழுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் இறங்கினால் இரை கிடக்கிறது.

மதியம் முகாமில் தூங்குங்கள். மாலை மூன்றரைக்கு மறுபடி. இரவில் ஒகவுகுவேஹோ நீர்நிலைக்கு விளக்குப் போட்டிருப்பார்கள், கல்சுவருக்கு இப்பால் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், கறுப்புக் காண்டாமிருகம் வருவதை இவ்வளவு நிதானமாகப் பார்க்க வேறு இடம் அரிது. பேசாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், கதகதப்பாக ஏதாவது போர்த்திக்கொண்டு பதினொரு மணிவரை இருங்கள். ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன்: காண்டாமிருகப் படத்தை எந்த இடம், எந்த நேரம் என்று போட்டு இணையத்தில் ஏற்றாதீர்கள். கொம்புக்காகக் கொல்கிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள். கேமராவில், செல்பேசியில் இடக்குறிப்பை அணைத்துவிட்டே பூங்காவுக்குள் போங்கள்.

வடகிழக்கே, காப்ரிவிக்கு

நமுட்டோனியிலிருந்து சுமெப், க்ரூட்ஃபான்டெய்ன் வழியாக ருண்டு. க்ரூட்ஃபான்டெய்னுக்கு அப்பால் கால்நடை நோய்த் தடுப்பு வேலி ஒன்றைக் கடப்பீர்கள், சிவப்புக் கோடு என்று சொல்வார்கள். கோமாரி நோய் தெற்கே பரவாமல் இருக்க வைத்த தடை. வடக்கிலிருந்து தெற்கே வரும்போது பச்சை இறைச்சியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வடக்கே போகும்போது பிரச்சினை இல்லை. போட்ஸ்வானா எல்லையிலும் உள்நாட்டுச் சாவடிகளிலும் இதே விதிதான்: ஃப்ரிட்ஜைத் திறந்து காட்ட வேண்டும், மருந்து ஊறிய சாக்கில் எல்லோரும் செருப்பைத் தேய்க்க வேண்டும், பெட்டியில் இருக்கும் ஷூவையும் எடுத்துவரச் சொல்வார்கள், டயர் ஒரு குட்டையில் இறங்கி ஏறும். எல்லைக்கு முந்தின இரவே கறியைச் சமைத்து முடித்துவிடுங்கள், சமைத்த கறிக்குப் பொதுவாகத் தடை இல்லை.

ஜெர்மனிக்கு ஜாம்பசி நதிவரை வழி வேண்டும் என்று 1890-ல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தில் வரைந்த ஒல்லியான நிலத்துண்டுதான் காப்ரிவி. 2013-ல் இதன் கிழக்குப் பகுதிக்கு ஜாம்பசி என்று பெயர் மாற்றினார்கள், பயணிகள் இன்னும் காப்ரிவி என்கிறார்கள். டிவுண்டுவிலிருந்து கொங்கோலா வரை சுமார் 190 கி.மீ. பி8 நெடுஞ்சாலை ப்வப்வாட்டா தேசியப் பூங்காவின் நடுவே போகிறது. வேலி கிடையாது, லாரியும் யானையும் ஒரே சாலையில். டிவுண்டு பக்கத்தில் மஹாங்கோவில் ஒரு நாள், கொங்கோலாவில் குவாண்டோ நதிக்கரையில் இரண்டு நாள் கொடுங்கள். சும்மா கடந்துபோகும் இடமாக இதைப் பலர் வைத்துக்கொள்வது எனக்கு வருத்தம்தான். குவாண்டோவின் குதிரைலாட வடிவ ஏரிக்கு மாலையில் யானைகள் மந்தை மந்தையாக இறங்குவதைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

எல்லை தாண்டி சோபே

கட்டிமா முலிலோவில் டேங்கை நிரப்பி, ங்கோமா பாலத்தில் எல்லை. முதலில் நமீபியா பக்கம் கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை, வண்டியைப் பதிவேட்டில் எழுதுவது, பாலம் தாண்டி போட்ஸ்வானா பக்கம் நுழைவு முத்திரை, வண்டிக்கான சாலைக் கட்டணம், பிறகு இறைச்சிச் சோதனை. கூட்டம் இல்லையென்றால் ஒரு மணி நேரம். பேனா கையில் வைத்திருங்கள்.

கசானேயில் மூன்று இரவு. சோபே தேசியப் பூங்காவின் ஆற்றங்கரைப் பாதையில் காலையில் வண்டி, மாலையில் படகு. படகை விட்டுவிடாதீர்கள்: யானைக் கூட்டம் துதிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு செடுடு தீவுக்கு நீந்துவதைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்ப்பீர்கள். அந்தத் தீவு யாருக்கு என்று நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-ல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. போட்ஸ்வானாவில் யானைகள் சுமார் 1,30,000, வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

மணல்

கசானேயிலிருந்து மவுன் வரை, நடுவில் நம்பக்கூடிய பெட்ரோல் பங்க் கிடையாது. தூரம் பார்த்தால் 400 கி.மீ. சொச்சம்தான், ஆனால் லோ ரேஞ்சில், மணலில், பூங்காவுக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் டீசல் நூறு கி.மீ.க்கு 18-20 லிட்டர் வரை குடிக்கும். டேங்கை முழுக்க நிரப்புங்கள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இரண்டு நாள் உபரி.

கச்சிக்காவ் வரை தார், அப்புறம் மணல் ஆரம்பம். விடியற்காலையே கிளம்புங்கள், குளிர்ந்த மணல் இறுக்கமாக இருக்கும், மதியம் சூடேறியதும் பொலபொலத்துவிடும். மணல் தொடங்கும் இடத்தில் நின்று காற்றைக் குறைத்து, ஃபோர் வீல் போட்டு, முன்னே போனவரின் தடத்திலேயே சீரான வேகத்தில் போங்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் போராடாதீர்கள், கட்டைவிரல் ஸ்டியரிங் கம்பிகளுக்குள் இருக்க வேண்டாம், தடம் வெட்டினால் விரல் முறியும். நிற்க வேண்டுமென்றால் இறக்கத்தில் நில்லுங்கள். சக்கரம் சுழன்று வண்டி முன்னேறவில்லை என்றால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், அழுத்த அழுத்தத் தோண்டிக்கொண்டே போகும். வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். முடியவில்லையா, சுற்றிலும் விலங்கு இல்லை என்று நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கி, சக்கரத்தின் முன்னால் இருக்கும் மணலைத் தள்ளி, காற்றை இன்னும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறையுங்கள். பத்துக்கு ஒன்பது முறை காற்றிலேயே தீர்ந்துவிடும்.

தடத்தின் நடுவில் உயரமாகப் புல் இருந்தால் அவ்வப்போது நின்று வண்டிக்கு அடியில் பாருங்கள். சைலன்ஸர் பக்கம் காய்ந்த புல் சேர்ந்து தீப்பிடித்து முழு வண்டியே எரிந்துபோவது இங்கே நடக்கிற விஷயம். தண்ணீர் குறுக்கிட்டால் இறங்கி நடந்து ஆழம் பார்க்காதீர்கள், முதலையும் நீர்யானையும் இருக்கும் தண்ணீர் அது. ஈரமான புது டயர் தடம் மறுகரையில் ஏறியிருக்கிறதா பாருங்கள், இன்னொரு வண்டி வரும்வரை காத்திருங்கள், சந்தேகம் தீரவில்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

யானை முன்னால் நின்றால்

இந்த வட்டத்தில் நீங்கள் அதிகமாகச் சமாளிக்கப்போவது யானையைத்தான். நம் ஊரில் மதநீர் என்றால் ஆண் யானை, கன்னம் நனைந்தால் விலகு என்று தெரியும். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் பதற்றத்தில் கன்னம் நனையும், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்னங்கால்களுக்கு நடுவே சிறுநீர் சொட்டிக்கொண்டே இருப்பதும், தலையை உயர்த்திய நடையும், மூக்கைத் துளைக்கும் நாற்றமும்தான் மதத்தின் அடையாளம். அப்படி ஓர் ஆண் தடத்தில் எதிரே வந்தால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும்.

தாயும் குட்டியும் சாலையின் இரு பக்கமும் இருந்தால் நடுவே புகாதீர்கள். எப்போதும் வெளியேற ஒரு வழி இருக்கும்படி நிறுத்துங்கள், பின்னால் வேறு வண்டி வந்து அடைத்துவிட்டால் அவருக்குக் கை காட்டிப் பின்வாங்கச் சொல்லுங்கள். காதை விரித்துத் தலையை உதறி மண்ணைக் கிளப்பினால் அது எச்சரிக்கை, மெதுவாகப் பின்னால் எடுத்துவிடுங்கள். ஹாரன் அடிப்பது, எஞ்சினை உறுமவிடுவது எல்லாம் வேண்டாம். யானை சாலையில் நின்று ஒரு மணி நேரம் தின்றால் நீங்களும் ஒரு மணி நேரம் நில்லுங்கள். இதற்காகத்தானே வந்தோம்.

வேலியில்லாத முகாம்

சவுட்டியிலும் குவாயிலும் முகாமைச் சுற்றி வேலி கிடையாது. சவுட்டியில் குளியலறையைச் சுற்றிக் கோட்டைபோலச் சுவர் எழுப்பியிருப்பது யானைக்காக, தண்ணீருக்குக் குழாயையே பிடுங்கியிருக்கின்றன. இரவில் கழுதைப்புலி முகாமுக்குள் சர்வசாதாரணமாக நடக்கும், செருப்பு, தோல்பை, எச்சில் பாத்திரம், மூடிய ஐஸ்பெட்டி எதுவானாலும் தூக்கிக்கொண்டு போகும். படுக்கப்போகும் முன் நாற்காலி தவிர ஒன்றும் வெளியே இருக்கக்கூடாது. பகலில் பபூன் குரங்கு, எட்டோஷாவில் ஹலாலி முகாமில் குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும் ஹனி பேட்ஜர் என்னும் சின்ன முரட்டு விலங்கு. ஆரஞ்சு மாதிரி வாசனைப் பழங்களைக் கூடாரத்தில் வைக்காதீர்கள், யானைக்கு மூக்கு மிகக் கூர்மை.

இருட்டிய பிறகு வண்டியைவிட்டு நகராதீர்கள். நெருப்பு மூட்டியிருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சக்திவாய்ந்த டார்ச்சைச் சுற்றிலும் ஒரு வட்டம் அடியுங்கள், கண் மினுங்கினால் எழுந்து மெதுவாக வண்டிக்குள் போய்விடுங்கள், ஓடவே கூடாது. குழந்தைகள் எப்போதும் பெரியவர் கையெட்டும் தூரத்தில். கூரைக்கூடாரத்துக்கு ஏறிவிட்டால் விடியும்வரை இறங்க வேண்டாம், மேலேயே அகலவாய்ப் பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுக்கிறவர்கள் கூடார ஜிப்பை முழுக்க மூடியே தூங்க வேண்டும், வெக்கையாக இருந்தாலும்.

குவாய் ஆற்றோரம் ஊர்மக்களின் அறக்கட்டளை நடத்தும் பகுதி, அங்கே கொடுக்கும் முகாம் கட்டணம் அவர்களுக்குப் போகிறது. ஆற்றுக்கு மறுகரை மொரேமி. 1963-ல், வேட்டை பெருகி விலங்குகள் அழிவதைப் பார்த்த படவானா மக்கள், மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி தலைமையில் தங்கள் சொந்த நிலத்தையே காப்பகமாக அறிவித்தார்கள். வெள்ளை அரசு போட்ட காப்பகங்களைப் பற்றியே கேட்டுப் பழகிய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இங்கே மூன்று இரவாவது இருங்கள், காட்டுநாய்க் கூட்டம் பார்க்க நல்ல வாய்ப்புள்ள இடம்.

சாப்பாடு

சைவமானாலும் அசைவமானாலும் கஷ்டமில்லை. விண்ட்ஹுக், ருண்டு, கசானே, மவுன் எல்லா ஊரிலும் பெரிய சூப்பர்மார்க்கெட் உண்டு, அரிசி, பருப்பு, தயிர், காய்கறி கிடைக்கும். ஊரிலிருந்து ரசப்பொடி, சாம்பார்பொடி, பெருங்காயம், ஊறுகாய் மட்டும் கொண்டுபோங்கள். மக்காச்சோள மாவில் கிண்டும் பாப் நம் களி மாதிரிதான், காரக்குழம்போடு அருமையாகப் போகும். விறகு வழியில் கட்டாக விற்பார்கள், பூங்காவுக்குள் பொறுக்கக்கூடாது. நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு, ராண்டும் நமீபியாவில் செல்லும். போட்ஸ்வானாவில் புலா.

திரும்பும் வழி

மவுனிலிருந்து விண்ட்ஹுக் சுமார் 820 கி.மீ., ஒரே நாளில் ஓட்ட முடியும் என்பார்கள், வேண்டாம், கான்சியில் ஓர் இரவு தங்குங்கள். தார்ச்சாலைதான், ஆனால் மாடும் கழுதையும் நடுச்சாலையில் நிற்கும், மூன்று வாரக் களைப்பும் சேர்ந்திருக்கும். மவுனிலேயே டயர்களுக்குக் காற்று ஏற்றிவிடுங்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் கழுவி, முதல் நாள் எடுத்த வீடியோவை வைத்து ஒவ்வொரு கீறலையும் ஒப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மலேரியா மாத்திரையை ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அடோவாகோன்-ப்ரோகுவானில் என்றால் மலேரியா பகுதியைவிட்டு வந்தபின் ஏழு நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம் தொடர வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காமல், அன்றே மருத்துவரிடம் போய், ஆப்பிரிக்கா போய்வந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை எடுங்கள்.